மணி அடிச்சா தெருவே கேட்ட காலம்

போன தை மாசம், எங்க தோட்டத்தில் மஞ்சள் வெட்டு நடந்துட்டு இருந்துச்சு. சாயங்காலம் அஞ்சு மணிக்குப் பால் கறக்க வர்ற அப்பா, ஆறு ஆகியும் வரல. மாடு கத்த ஆரம்பிச்சிருச்சு. போய்ப் பார்த்தா அப்பா ரூமுக் கதவு உள்பக்கம் தாழ். எங்க வீட்டில் பகலில் யாரும் கதவைத் தாழ் போட்டு நான் பார்த்ததில்லை.

ஜன்னல் வழியா எட்டிப் பார்த்தேன். எழுபத்தி நாலு வயசு மனுஷன், போனைத் தலகாணி மேல சாத்தி வெச்சுட்டு, எதிரே கையைக் கட்டி உக்காந்திருக்கார். போனில் காக்கிச் சட்டை போட்ட ஒருத்தன். இவர் ஆதாரை வெச்சு யாரோ கள்ளப் பணம் மாத்திட்டாங்களாம், கேமரா முன்னாடி இருந்து நகரக் கூடாதாம், வீட்டில் யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாதாம். ரெண்டு மணி நேரமா அப்படியே உக்காந்திருக்கார்.

கதவைத் தட்டித் திறக்க வெச்சு, போனை வாங்கி கட் பண்ணினேன். பணம் போகல. ஆனா காலையில் பேங்குக்குப் போய் மஞ்சள் வித்த பணத்தை எடுத்து அனுப்புறதா ஒத்துக்கிட்டிருந்தார்.

அன்னைக்கு ராத்திரி சாப்பிடாம உக்காந்திருந்தவர், "இது எனக்கு ரெண்டாவது தடவ, கண்ணு"ன்னார். எழுந்து போய் பீரோவிலிருந்து ஒரு பழைய கவரை எடுத்து என் கையில் கொடுத்தார். அந்தக் கவர் கதைக்கு அப்புறம் வர்றேன். அதுக்கு முன்னாடி எங்க ஊருக்கு போன் வந்த கதையைச் சொல்லணும். ரெண்டும் ஒரே கதைதான்.

மெட்ராசில் 1882-லேயே டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் வந்துருச்சு. கோபி பக்கம் இருக்கிற எங்க ஊருக்கு அது வந்து சேர நூறு வருஷம் ஆச்சுன்னே சொல்லலாம். அப்பா இளவட்டமா இருந்தப்போ ஊர் முழுக்க ஒரே ஒரு கறுப்பு போன், அதுவும் போஸ்ட் ஆபீசில். வெளியூருக்குப் பேசணும்னா டிரங்க் கால் புக் பண்ணிட்டுக் காத்திருக்கணும். சாதாரணம், அர்ஜென்ட், லைட்னிங் என்று தரம் தரமாகக் கட்டணம். பேச்சு மூணு மூணு நிமிஷக் கணக்கு. லைன் கிடைச்சா கத்தித்தான் பேசணும். அதனால பேசுறவர் வீட்டுச் சங்கதி, ஸ்டாம்ப் வாங்க வந்தவர் வரைக்கும் தெரிஞ்சுபோகும்.

1984-ல் மத்திய அரசு சி-டாட் நிறுவனத்தை ஆரம்பிச்சது. சாம் பிட்ரோடா பேர் அப்போ பேப்பரில் அடிக்கடி வரும். ஏசி இல்லாம, நம்ம வெயிலையும் தூசியையும் தாங்குற 128 லைன் குட்டி எக்ஸ்சேஞ்சை அவங்க உருவாக்கினாங்க. கிராமங்களுக்கு போன் பரவினது அதுக்கப்புறம்தான். தொண்ணூறுகளில் எங்க பஸ் ஸ்டாப்பிலும் மஞ்சள் போர்டு போட்ட எஸ்டிடி பூத் வந்துச்சு. ரெண்டு மூணு வசதியான வீடுகளுக்கு போன் வந்துச்சு.

எங்க வீட்டில் இல்லை. ஆனா நம்பர் இருந்துச்சு! கல்யாணப் பத்திரிகையில், லெட்டரில், நம்பர் போட்டு பக்கத்தில் 'பி.பி.' என்று எழுதுவோம். நகரத்தில் வாடகை வீட்டில் இருந்தவங்களுக்கும் இது ஞாபகம் இருக்கும். பக்கத்து வீட்டு போன் அது. கூப்பிட்டவர் வெச்சிருவார். பக்கத்து வீட்டு மாமா வாசலில் நின்னு குரல் கொடுப்பார், நாங்க ஓடிப்போய் நிப்போம், பத்து நிமிஷத்தில் மறுபடி மணி அடிக்கும். பேசி முடிச்சதும், "யாருங்க, என்னவாம்?"னு அத்தை கேக்காம விடமாட்டாங்க.

இதில் கஷ்டமும் இருந்துச்சு, மறைக்க வேண்டியதில்லை. கட்டிக் கொடுத்த பொண்ணு தன் மாமியார் வீட்டுக் கஷ்டத்தை அம்மாகிட்ட வாய்விட்டுச் சொல்ல முடியாது. சுத்தி நாலு காது இருக்கும்.

தொல்லை பண்றவங்க அப்பவும் இருந்தாங்க. ஆம்பளை எடுத்தா வெச்சிருவான், பொம்பளை எடுத்தா பேசாம மூச்சு மட்டும் விடுவான். யார் கூப்பிடுறதுன்னு காட்டுற காலர் ஐடி பெட்டியைச் சிலர் தனியா வாங்கி மாட்டினாங்க. பக்கத்து வீட்டு மாமாவுக்கு அப்படித் தொல்லை வந்தப்போ பெட்டி தேவைப்படல. பஸ் ஸ்டாப் பூத்காரர்கிட்ட, எந்த நேரத்துக்கு யார் வந்தாங்கன்னு விசாரிச்சே ஆளைப் பிடிச்சிட்டாங்க. காசு கொடுத்து, இன்னொருத்தர் கண்ணு முன்னாடி நின்னு பண்ண வேண்டிய தப்பு அது.

1995 ஜூலை 31-ல் கல்கத்தாவிலிருந்து ஜோதி பாசு, டெல்லியில் இருந்த மந்திரி சுக்ராமோட பேசினதுதான் நாட்டில் முதல் செல்போன் பேச்சு. அப்போ கூப்பிடுறவருக்கும் காசு, எடுக்கிறவருக்கும் காசு. தெரியாத நம்பர்னா எவனும் எடுக்கமாட்டான். 2003-ல் இன்கமிங் இலவசம் ஆச்சு. எங்க ஊரில் செல்போன் பெருகினது அதுக்கப்புறம்தான். மோட்டார் போடச் சொல்ல ஒரு மிஸ்டு கால், சோறு ரெடின்னா ரெண்டு மிஸ்டு கால்.

கூப்பிடுற செலவு குறையக் குறைய, வேண்டாத கால் கூடுச்சு. லோன் வேணுமா, காலர் டியூன் வேணுமான்னு நாத்து நடுறப்போ கூப்பிடுவாங்க. சேத்துக் கையைத் துடைச்சுட்டு எடுத்தா ரெக்கார்டு பண்ணின குரல். கூப்பிடாதேன்னு பதிவு பண்ற ஏற்பாடு 2007-ல் வந்துச்சு. 2011 செப்டம்பரில் டிராய் விதிகளை இறுக்கிச்சு. 1909-க்குச் சொன்னா விளம்பரக் கால் வரக் கூடாது, விளம்பரம் பண்றவங்க 140-ல் ஆரம்பிக்கிற நம்பரில்தான் கூப்பிடணும். நல்ல விதிதான். ஆனா அது பதிவு பண்ணிட்டு வியாபாரம் பண்றவனைத்தான் கட்டுப்படுத்தும். திருடன் எங்கே போய்ப் பதிவு பண்ணுவான்?

இப்போ அந்தக் கவருக்கு வர்றேன். உள்ளே இருந்தது ஒரு லெட்டர். சீல், கோபுரப் படம், இங்கிலீஷில் கையெழுத்து. உங்க நிலத்தில் செல்போன் டவர் வைக்கத் தேர்வு பண்ணிருக்கோம், பல லட்சம் அட்வான்ஸ், மாச வாடகை, வீட்டில் ஒருத்தருக்கு வேலை, பதிவுக் கட்டணம் மட்டும் முதலில் கட்டணும். பின்னாடியே பேங்க் சலான். பன்னெண்டாயிரத்து ஐநூறு ரூபாய். வருஷம் 2011. அந்த வருஷம் கிணத்தில் தண்ணியில்லாம ரெண்டு மாட்டை வித்தோம். அதில் ஒரு மாட்டுக் காசு எங்க போச்சுன்னு அம்மா பல தடவை கேட்டிருக்காங்க. அவர் பதில் சொன்னதே இல்லை.

இந்த டவர் மோசடியில் நாடு முழுக்க விவசாயிங்க ஏமாந்திருக்காங்க. டவர் வைக்க எங்களுக்கு யாரும் பணம் கட்ட வேண்டாம், நாங்க அப்படி அனுமதிக் கடிதமும் கொடுக்கிறதில்லைன்னு டிராய் திரும்பத் திரும்ப அறிவிப்பு கொடுத்திருக்கு. பேப்பரில் வந்த அந்த அறிவிப்பையும் அப்பா வெட்டி அதே கவரில் வெச்சிருந்தார்! தெரிஞ்ச பிறகும் வாய் திறக்கல.

அதுக்கப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். ஏடிஎம் கார்டு பிளாக் ஆயிருச்சு, மேலே இருக்கிற 16 நம்பரைச் சொல்லுங்கன்னு அரைகுறைத் தமிழில் வந்த குரல்கள். ஜார்க்கண்டில் ஜாம்தாரான்னு ஒரு ஊர் பேர் நம்ம டீக்கடை வரைக்கும் வந்துச்சு. 2016-ல் மலிவு டேட்டாவும் யுபிஐ-யும் வந்துச்சு. 2019-ல் பிஎம் கிசான் வந்து, வருஷம் ஆறாயிரம் ரூபாய் நேரா பேங்குக்கு வர ஆரம்பிச்சதும், அதே பேரில் போலி ஆப் வாட்ஸப்பில் வந்துச்சு. கடைசியா இந்த 'டிஜிட்டல் அரெஸ்ட்'. 2024 அக்டோபரில் பிரதமரே வானொலியில் சொன்னார், சட்டத்தில் அப்படி ஒண்ணு கிடையாதுன்னு.

யோசிச்சுப் பார்த்தா திருட்டு பெருசா மாறல. பயம் காட்டுறது, ஆசை காட்டுறது, அவ்வளவுதான். போனுக்கு முன்னாடி ரெண்டு வேலி இருந்துச்சு. ஒண்ணு கால் காசு, இன்னொண்ணு பக்கத்தில் நின்ன ஆளுங்க. காசு வேலி போயிருச்சு, இனி வராது. ஆள் வேலியை நாமதான் பிரிச்சுட்டோம். ஆளுக்கொரு போன், ஆளுக்கொரு ரூம். அதனாலதான் அந்தக் காக்கிச் சட்டைக்காரன் எடுத்த எடுப்பில் "யார்கிட்டயும் சொல்லாதே"ங்கிறான். பி.பி. நம்பர் காலத்தில் அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கவே முடியாது. அத்தை பக்கத்திலேயே நின்னிருப்பாங்க.

மறுநாள் அப்பாவை வற்புறுத்தி டீக்கடைக்குக் கூட்டிட்டுப் போனேன். தயங்கித் தயங்கி ரெண்டு கதையையும் சொன்னார். யாரும் சிரிக்கல. கொஞ்ச நேரம் கழிச்சு, மேக்கால தோட்டத்துப் பெரியப்பா, "எனக்கும் அந்த டவர் லெட்டர் வந்துச்சுடா"ன்னார். அவர் கட்டினது இருபதாயிரம். பதினாலு வருஷமா ஒரே பெஞ்சில் உக்காந்து டீ குடிச்சவங்க, ரெண்டு பேரும் சொல்லிக்கல. முதல் ஆள் சொல்லியிருந்தா ரெண்டாவது ஆள் தப்பிச்சிருப்பார்.

இப்போ எங்க வீட்டில் ஒரு வழக்கம் வெச்சிருக்கோம். தெரியாத நம்பர்னா திண்ணைக்கு வந்து ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசணும். சொல்லக் கூடாதுன்னு எவனாச்சும் சொன்னா, அப்பவே கட். பணம் போயிருந்தா வெக்கப்படாம உடனே 1930-க்கு போன் பண்ணணும், சீக்கிரம் சொன்னா போற வழியில் பணத்தை நிறுத்தி வைக்க வாய்ப்பு இருக்கு.

ஊரில் அப்பா அம்மாவைத் தனியா விட்டுட்டு நகரத்தில் இருக்கிறவங்க, இந்த வாரம் பேசுறப்போ, "ஏதாச்சும் தொல்லைக் கால் வந்துச்சா?"ன்னு மட்டும் கேக்காதீங்க. இல்லைன்னுதான் சொல்வாங்க. நீங்க ஏமாந்த கதை ஒண்ணை முதலில் சொல்லுங்க. எங்கப்பா நேத்துகூட ஒரு காலைத் திண்ணைக்குத் தூக்கிட்டு ஓடி வந்தார். கேஸ் சிலிண்டர்காரர்!