ராஜ்தூத் 350: ஜெட் நம்பருக்குப் பின்னால் ஒரு பெட்ரோல்

ராஜ்தூத் 350 வைத்திருக்கும் இரண்டு பேர் சந்தித்தால் பேச்சு பத்து நிமிஷத்தில் ஜெட் நம்பருக்கு வந்துவிடும். "உங்க வண்டில மெயின் ஜெட் என்ன நம்பர்?" என்பார் ஒருவர். பதிலாக வந்த நம்பரை அப்படியே வாங்கிப் போட்டு, பிஸ்டன் ஜாம் ஆகி நடுரோட்டில் நின்றவர்கள் உண்டு. அந்த நம்பர் எந்த சைலன்சருக்கு, எந்தக் காலத்துப் பெட்ரோலுக்கு என்பதை யாரும் கேட்பதில்லை.

கொஞ்சம் பின்னால் போவோம். யமஹா ஆர்டி350 ஜப்பானிலிருந்து 1973-ல் வந்தது. இரட்டை சிலிண்டர், 347 சிசி, டூ ஸ்ட்ரோக், ரீட் வால்வு, 39 குதிரைத்திறன். சிலிண்டருக்கு ஒன்றாக இரண்டு 28 மிமீ மிகுனி கார்புரேட்டர்கள். பத்து வருஷம் கழித்து, 1983-ல், ஃபரிதாபாத் எஸ்கார்ட்ஸ் அதையே ராஜ்தூத் 350 என்று இங்கே கொண்டுவந்தது. மைலேஜுக்காகத் திறனைக் குறைத்தார்கள். 'ஹை டார்க்' மாடலில் 30.5 குதிரைத்திறன், அதுவும் பெட்ரோல் குடிக்கிறது என்று புகார் வர, சைலன்சரை இன்னும் இறுக்கி 27 அளவுக்கு 'லோ டார்க்' வந்தது. டூ ஸ்ட்ரோக்கில் சைலன்சர் மாறினால் சிலிண்டருக்குள் போகும் காற்றின் அளவும் மாறும். ஆகவே ஒரே பெயர் கொண்ட இந்த மூன்று வண்டிகளுக்கும் ஜெட் கணக்கு தனித்தனி.

இது முதல் சிக்கல். இரண்டாவது, பெட்ரோல். இந்த வண்டி இங்கே வந்தபோது பங்க்கில் கிடைத்தது ஈயம் கலந்த பெட்ரோல். 2000-ல் நாடு முழுக்க ஈயம் நீங்கியது. 2023-ல் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. சுத்தமான பெட்ரோல் ஒரு கிலோ முழுசாக எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். கலந்து பார்த்தால் 13.5 வருகிறது. அதாவது, அதே ஜெட்டில் ஓடும் வண்டி கிட்டத்தட்ட 8 சதவீதம் 'லீன்' ஆகிவிட்டது. நாம் எதையும் தொடவில்லை, பெட்ரோல்தான் மாறியிருக்கிறது.

டூ ஸ்ட்ரோக்கில் லீன் என்றால் மைலேஜ் கூடுகிறது என்று சந்தோஷப்பட முடியாது. உள்ளே வரும் பெட்ரோல்தான் பிஸ்டனைக் குளிரவும் வைக்கிறது. அது குறைந்தால் பிஸ்டன் சூடேறி விரிந்து சிலிண்டரைப் பிடிக்கும். நூறு கிலோமீட்டர் வேகத்தில் பின் வீல் லாக் ஆகும். கை உடனே கிளட்ச்சுக்குப் போகவில்லையென்றால் ஆள் கீழே. ஆயில் பம்பைக் கழற்றிவிட்டு டேங்கில் ஆயில் கலப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: ஆயிலைக் கூட்டினால் அதே ஜெட் வழியாகப் போகும் பெட்ரோல் குறையும்.

அப்போ பெரிய கார்புரேட்டர் போட்டுடலாமா? 32, 34 மிமீ வாங்கி மாட்டுபவர்கள் இருக்கிறார்கள். போர்ட் வேலை, ரேஸ் சைலன்சர் எல்லாம் செய்த இன்ஜினுக்கு அது சரி. சாதாரண இன்ஜினில் வாய் அகலமானால் காற்றின் வேகம் குறையும். காற்று வேகமாகப் போனால்தான் ஜெட்டிலிருந்து பெட்ரோலை இழுக்கும். ஊருக்குள் வண்டி மூக்கடைத்தது போல ஓடும். ரோட்டில் ஓட்ட 28-ஐ விடாதீர்கள் என்பதே என் கட்சி.

ட்யூனிங்குக்கு நான் பின்பற்றும் வரிசை இது. முதலில் பாயின்ட், டைமிங். அடுத்து காற்றுக் கசிவு: கார்புரேட்டரை இன்ஜினோடு சேர்க்கும் ரப்பர் வெடித்திருந்தாலும், கிராங்க் ஆயில் சீல் போயிருந்தாலும் எந்த ஜெட் போட்டும் பலனில்லை. ஐடிலில் ரப்பர் மேல் கார்புரேட்டர் கிளீனர் அடித்துப் பாருங்கள். ஆர்பிஎம் மாறினால் அங்கே ஓட்டை. பிறகு ஃப்ளோட் உயரம். பிறகு இரண்டு ஸ்லைடும் ஒரே நேரத்தில் எழும்புகிறதா என்று கேபிளைச் சரிசெய்வது. இதெல்லாம் முடிந்த பிறகுதான் ஜெட்.

கால்வாசி ஆக்ஸிலரேட்டர் வரை பைலட் ஜெட்டும் ஸ்லைடின் வெட்டும், நடுப்பகுதிக்கு ஊசி, முக்கால்வாசிக்கு மேல் மெயின் ஜெட். மெயின் ஜெட்டைப் பெரிதாகப் போட்டுத் தொடங்கி, ஒவ்வொரு படியாக இறங்குங்கள். சின்னதிலிருந்து மேலே ஏறிப் பார்ப்பவர் பிஸ்டனைப் பந்தயம் வைக்கிறார். முழு ஆக்ஸிலரேட்டரில் ஓட்டி, கிளட்ச் பிடித்து, இன்ஜினை அணைத்து ப்ளக்கைக் கழற்றிப் பார்ப்பது பழைய வழக்கம். ஆனால் காபி நிறம் வரணும் என்ற அந்தக் கணக்கு ஈயப் பெட்ரோல் காலத்தது. இன்றைய பெட்ரோலில் நிறம் வெளுப்பாகத்தான் தெரியும். அதை மட்டும் நம்பி முடிவெடுக்காதீர்கள்.

ஊட்டியில் ட்யூன் செய்துவிட்டு மேட்டுப்பாளையம் இறங்குவதும் இதே கதைதான். சுமார் 2,200 மீட்டர் உயரத்து மெல்லிய காற்றுக்குக் குறைத்த ஜெட், கீழே வந்ததும் லீன் ஆகிவிடும்.

அதனால் அடுத்த முறை யாராவது ஜெட் நம்பர் சொன்னால், எந்த மாடல், எந்த சைலன்சர், எந்த வருஷத்துப் பெட்ரோல் என்று மூன்றையும் கேட்டுவிட்டு எழுதிக்கொள்ளுங்கள். என் நோட்டில் இப்போதெல்லாம் நம்பருக்குப் பக்கத்தில் தேதியும் போடுகிறேன்.