24 மடங்குப் பிழை: சிரிஞ்சு டிரைவரில் அலகின் வரலாறு

மருந்தைச் சீராகச் செலுத்தும் பம்புகளின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் மோட்டார், பேட்டரி, நுண்செயலி என்ற வரிசையில் சொல்லிப் போகிறார்கள். நோயாளிக்கு நேர்ந்த தீங்கைத் தொடர்ந்து போனால் வேறொரு வரிசை கிடைக்கிறது. கருவியின் முகப்பில் தெரியும் எண் எதை அளக்கிறது? அதை மருந்தின் அளவாக மாற்றும் கணக்கு யார் தலையில் விழுகிறது? பிரிட்டனில் பல்லாண்டுகள் புழங்கிய கிரேஸ்பி சிரிஞ்சு டிரைவர்களைக் கொண்டு இக்கட்டுரை இக்கேள்விகளைப் பின்தொடர்கிறது.

மூச்சின் வேகத்தை அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டரை உருவாக்கிய மார்ட்டின் ரைட்தான் 1970களில் இந்தச் சிறு கருவியையும் வடிவமைத்தார். அது முதலில் தலசீமியா நோயாளிகளுக்காகவே பிறந்தது. அடிக்கடி ரத்தம் ஏற்றப்படுவதால் இவர்கள் உடலில் இரும்புச்சத்து சேர்ந்துவிடும். அதை வெளியேற்றும் டெஸ்ஃபெரியாக்சமின் ரத்தத்தில் நெடுநேரம் தங்குவதில்லை; 8 முதல் 12 மணி நேரம் தோலடியில் மெல்ல மெல்லச் செலுத்த வேண்டும். பேட்டரியில் ஓடும், உடம்போடு எடுத்துச் செல்லக்கூடிய ஒரு பெட்டி அந்த நோயாளிகளைப் படுக்கையிலிருந்து விடுவித்தது. 1979-இல் மருத்துவர் பேட்ரிக் ரஸ்ஸல் இதே கருவியை இறுதிநிலைப் புற்றுநோயாளிகளின் வலி தணிப்புக்குப் பயன்படுத்தியதை எழுதினார். விழுங்க முடியாதவருக்கு நான்கு மணிக்கொரு முறை ஊசி குத்தும் கொடுமை நின்றது. கடைசி நாட்களை வீட்டிலேயே கழிக்கவும் முடிந்தது. இந்தக் கருவிக்கு எதிராக எழுதப்பட்ட எதையும் இந்த நன்மையை மறந்துவிட்டுப் படிக்கக் கூடாது.

கருவியின் இயக்கம் எளிமையானது. ஒரு திருகுதண்டு மெல்லச் சுழன்று சிரிஞ்சின் பின்தண்டைத் தள்ளும். அது எவ்வளவு தூரம் தள்ளுகிறது என்பது மட்டுமே கருவிக்குத் தெரியும். சிரிஞ்சு பருமனா ஒல்லியா என்பது தெரியாது. ஆகவே வேகம் மில்லிலிட்டரில் அல்லாமல் மில்லிமீட்டரில் குறிக்கப்பட்டது. சிரிஞ்சில் மருந்து நிற்கும் நீளத்தைச் செவிலியர் அளவுகோலால் அளந்து, நேரத்தால் வகுத்து, கருவியின் எண்களைச் சிறு திருப்புளியால் திருப்பி வைப்பார். மருத்துவர் எழுதுவது மில்லிகிராம், கருவி கேட்பது மில்லிமீட்டர். இடையிலுள்ள பாலம் முழுவதும் செவிலியரின் மனக்கணக்குதான்.

இக்கணக்கு மட்டும் என்றால் பயிற்சியால் ஓரளவு சமாளித்திருக்கலாம். ஆனால் கருவி இரண்டு மாடல்களாக வந்தது. எம்எஸ்16ஏ மணிக்கு இத்தனை மில்லிமீட்டர் என்று ஓடும். எம்எஸ்26 நாளுக்கு, அதாவது 24 மணி நேரத்துக்கு இத்தனை மில்லிமீட்டர் என்று ஓடும். முன்னதன் முகப்பு நீலம், பின்னதன் முகப்பு பச்சை. மற்றபடி இரண்டும் உருவத்தில் ஒன்றுபோலவே இருக்கும். 48 மில்லிமீட்டர் நீள மருந்து ஒரு நாள் முழுக்க இறங்க வேண்டுமானால் பச்சைப் பெட்டியில் 48 என்றும் நீலப் பெட்டியில் 2 என்றும் வைக்க வேண்டும். நீலத்தில் 48 வைத்தால் ஒரு நாளைக்கான மார்ஃபின் ஒரு மணி நேரத்தில் உடலுக்குள் போய்விடும். தனித்தனியே பார்த்தால் இரண்டு அலகுகளும் நியாயமானவை: இரவில் சில மணி நேரம் மருந்தேற்றும் தலசீமியாவுக்கு மணிக்கணக்கு பொருந்தும், வலி தணிப்புக்கு நாள்கணக்கு பொருந்தும். இரண்டையும் ஒரே அலமாரியில் அடுக்கியபோதுதான் ஆபத்து பிறந்தது. இதைச் செவிலியரின் கவனக்குறைவு என்று பதிவு செய்வது, என் பார்வையில், வடிவமைப்பின் பொறுப்பைக் கடைநிலையில் இறக்கிவைப்பதாகும்.

சிரிஞ்சு டிரைவர்களின் பெயர் அடிபட்ட இங்கிலாந்தின் காஸ்போர்ட் போர் நினைவு மருத்துவமனை விவகாரத்தை இந்த அலகுப் பிழையோடு குழப்பக் கூடாது. அங்கு 456 பேரின் ஆயுள் குறுக்கப்பட்டதாக 2018-இல் ஒரு சுயாதீனக் குழு கண்டது. சிரிஞ்சு டிரைவர்கள் அங்கே பயன்பட்டன என்றாலும், குழு சுட்டியது மருத்துவக் காரணமின்றி ஓபியாய்டு எழுதிக்கொடுத்த வழக்கத்தை.

2010 டிசம்பரில் இங்கிலாந்தின் தேசிய நோயாளர் பாதுகாப்பு முகமை சிரிஞ்சு டிரைவர்கள் குறித்து எச்சரிக்கை வெளியிட்டது. வேகம் மணிக்கு மில்லிலிட்டரில் மட்டுமே இருக்க வேண்டும்; சிரிஞ்சு சரியாகப் பொருந்தாவிட்டால் கருவி நிற்க வேண்டும்; ஓடும்போது சிரிஞ்சைக் கழற்றினால் ஒலி எழ வேண்டும். பழைய கருவிகளை மாற்ற ஐந்து ஆண்டுகள் தரப்பட்டன. தெரிந்த ஆபத்துக்கு அது நீண்ட அவகாசம்.

ஆனால் அலகை மில்லிலிட்டருக்கு மாற்றினாலும் 24 மடங்குப் பிழை மறைந்துவிடாது. அதற்கு, இந்த எச்சரிக்கைக்கு முன்பே 2006-இல், கனடாவின் எட்மன்டன் நகரில் நடந்ததே சான்று. நான்கு நாட்களில் இறங்க வேண்டிய ஃப்ளூரோயுராசில் என்ற புற்றுநோய் மருந்து நான்கு மணி நேரத்தில் இறங்கி ஒரு புற்றுநோயாளி இறந்தார். பம்பு கேட்டது மணிக்கு மில்லிலிட்டர். சரியான எண் 1.2. மருந்தின் மேல் ஒட்டிய சீட்டிலோ 24 மணி நேரத்துக்கு 28.8 என்பதும் மணிக்கு 1.2 என்பதும் சேர்ந்தே அச்சாகியிருந்தன. செவிலியரின் கணக்கில் 24-ஆல் வகுப்பது விடுபட்டு 28.8 வந்தது; சீட்டைப் பார்த்தால் அங்கேயும் 28.8. தவறான விடைக்குச் சீட்டே சாட்சி சொல்லிவிட்டது. இன்னொரு செவிலியர் சரிபார்த்தும் பிழை தப்பியது. பம்பு அந்த எண்ணைத் தடையின்றி ஏற்றுக்கொண்டது.

இத்தகைய எண்ணைத் தடுக்கவே இப்போதைய பம்புகளில் மருந்து நூலகம் வைக்கப்படுகிறது. மருந்தின் பெயரைத் தேர்ந்தால் அதற்குரிய உச்ச வரம்பைப் பம்பே சரிபார்க்கும். சில வரம்புகளை மீறவே முடியாது. சிலவற்றை உறுதிசெய்துவிட்டுக் கடக்கலாம். ஆனால் அவசரத்தில் மருந்தின் பெயரைத் தேராமல் வேகத்தை நேரடியாக இடும் வழியும் பல பம்புகளில் திறந்தே இருக்கிறது. அந்த வழியில் போனால் நூலகம் விலகிக்கொள்கிறது. கணக்கு மறுபடியும் செவிலியரிடமே வந்து சேர்கிறது.