ஒரு பெயரும் எட்டு வடிவங்களும்

யூதர்கள் கிஸ்லேவ் மாதம் 25ஆம் நாள் தொடங்கி 8 நாள் விளக்கேற்றிக் கொண்டாடும் விழாவிற்கு ஹனுக்கா என்பது பெயர். ஆங்கில நூல்களில் இப்பெயரைத் தேடுவோர் திகைப்பர். ஒரு நூலில் அது ‘சி’, ‘எச்’ என்னும் இரண்டு எழுத்துகளால் தொடங்கும். மற்றொன்றில் ‘எச்’ ஒன்றினாலேயே தொடங்கும். இவற்றுள் எது பிழை என்று வினவுவோர்க்கு, இரண்டும் பிழையல்ல என்பதே என் விடை.

இதற்குக் காரணம் எபிரேய மொழியில் உள்ளது. பெயரின் முதலெழுத்தாகிய ‘ஹெத்’ தொண்டையில் உராய்ந்து பிறக்கும் ஒலியைக் குறிப்பது. அவ்வொலிக்கு ஆங்கிலத்தில் தனியெழுத்து இல்லை. உராய்வைக் காட்ட விழைந்தோர் இரண்டெழுத்தை இட்டனர். எளிமையை நாடியோர் ஓரெழுத்தோடு நின்றனர். இடையில் வரும் ‘காஃப்’ என்னும் எழுத்தின் நடுவே ஒரு புள்ளி உண்டு. அஃது இரட்டிப்பின் அடையாளம். அதனை மதித்தோர் ‘கே’யை இருமுறை எழுதினர்; ஏனையோர் ஒருமுறை எழுதினர். இறுதியில் நிற்கும் ‘ஹே’ எழுதப்படுமேயன்றி ஒலிக்கப்படுவதில்லை. அதனைச் சிலர் காத்தனர், சிலர் விடுத்தனர். மூன்று இடங்களிலும் இவ்விரண்டு வழிகள் இருத்தலின், எட்டு வடிவங்கள் பிறக்கின்றன. ‘என்’ என்னும் எழுத்தை இரட்டிப்பாரும் உளர். அதற்கு மட்டும் எபிரேயத்தில் ஆதாரமில்லை.

பண்டைக் கிரேக்க நூல்கள் இவ்விடரை வேறு வழியால் கடந்தன. யோவான் எழுதிய நற்செய்தி, ஒலியை விடுத்து, ‘அர்ப்பணிப்பு’ என்னும் பொருளையே கிரேக்கச் சொல்லால் குறித்தது. முதல் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் யோசேப்பஸ், இதனை ‘ஒளிகள்’ என்றே அழைத்தார்.

எழுத்தைப் பற்றிய இவ்வாராய்ச்சி எற்றுக்கு எனலாம். கி.மு. 167இல் நான்காம் அந்தியோக்கஸ் என்னும் மன்னன் யூதர்தம் சமய நெறியைத் தடை செய்து, எருசலேம் ஆலயத்தில் கிரேக்க வழிபாட்டைப் புகுத்தினான். யூதா மக்கபேயு என்னும் வீரர் போராடி ஆலயத்தை மீட்டு, கி.மு. 164இல் மீண்டும் இறைவனுக்கு அர்ப்பணித்தார். அந்நாளின் நினைவே இவ்விழா. பிறர் வகுத்த வடிவிற்குள் அடங்க மறுத்த மக்களின் விழாப் பெயர், பிறர் எழுத்திற்குள்ளும் முழுதாய் அடங்கவில்லை. ஆங்கில வடிவங்கள் ஒவ்வொன்றும் அப்பெயரில் ஒரு கூற்றைக் காக்கின்றன. முழுப் பெயரையும் எபிரேய எழுத்துகளே காக்கின்றன. ஆகவே, அயல்மொழிப் பெயர் பல வடிவில் வரக் காணும்போது, பிழையென்று தள்ளுமுன் அதன் தாய்மொழியை நோக்குதல் நம் கடமையாகும்.