கணக்கில் ஏறாத காய்ச்சல்

கொழும்பிலிருந்து புத்தளம் செல்லும் பெருவீதி சிலாபத்தைக் கடந்து வடக்கே செல்லச் செல்ல மழைவளம் குன்றிவருகிறது. முந்தலைத் தாண்டி மதுரங்குளியை அடையும்போது இலங்கையின் வறண்ட வலயம் தொடங்கிவிட்டது என்பதை நிலமே காட்டும். மழைக்குரிய இவ்வெல்லையே நெடுங்காலம் காய்ச்சலுக்குரிய எல்லையாகவும் இருந்தது. தெற்கே ஈர வலயத்தில் மலேரியா எப்போதேனும் வந்துபோகும் விருந்தாளி. வடக்கே அது ஆண்டுதோறும் மாரியோடு வந்து வீட்டிலேயே தங்கிவிடும் உறவினர் போன்றது. இவ்வேறுபாடு மருத்துவர் அறிந்ததே. ஆயினும், வரலாற்றாசிரியர் கையாளும் எண்களை இது எவ்வாறு வளைத்திருக்கிறது என்பது போதிய அளவு ஆராயப்படவில்லை.

இலங்கையின் மலேரியா வரலாறு என்றவுடன் எவர் நினைவுக்கும் வருவது 1934-35ஆம் ஆண்டுப் பெருங்கொள்ளைநோயாகும். 1934இல் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. வழக்கமாக விரைந்தோடும் மகா ஓயா, தெதுறு ஓயா, களனி கங்கை ஆகியவை வற்றி, மணற்படுகைகளில் ஆங்காங்கே தேங்கிய குட்டைகளாயின. வெயில் படும் தெளிந்த தேக்கநீரே அனோபிலிஸ் குலிசிஃபேசிஸ் என்னும் நுளம்பு விரும்பி முட்டையிடும் இடமாகும். ஏனைய ஆண்டுகளில் அம்முட்டைகளையும் குடம்பிகளையும் அடித்துச் செல்லும் வெள்ளம் அவ்வாண்டு இல்லை. அக்டோபரில் பரவத் தொடங்கிய நோய், அடுத்த ஆண்டு ஏப்ரலில் தணிவதற்குள் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டுசென்றது. கேகாலை, குருநாகல் மாவட்டங்களே பேரழிவைக் கண்டன. நோயுடன் பசியும் கைகோத்திருந்தமையால் மருந்தோடு உணவும் வழங்க வேண்டியதாயிற்று. நிவாரணப் பணியில் பருப்பு வழங்கித் திரிந்த என். எம். பெரேராவை மக்கள் 'பருப்பு மாத்தையா' என்றே அழைத்தனர். 1935 டிசம்பரில் உருவான லங்கா சமசமாஜக் கட்சிக்கு நாட்டுப்புறத்தில் கிடைத்த செல்வாக்கில் அந்தக் குயினினுக்கும் பருப்புக்கும் பங்குண்டு.

இனி, 80,000 என்னும் தொகை எவ்வாறு பெறப்பட்டது என்பதை நோக்குதல் வேண்டும். அக்காலத்து நாட்டுப்புறங்களில் இறப்பைப் பதிந்தவர்கள் மருத்துவப் பயிற்சி அற்ற பதிவாளர்கள். உறவினர் கூறியபடி 'காய்ச்சல்' என்றும் 'வலிப்பு' என்றும் 'பலவீனம்' என்றும் எழுதிக்கொண்டனர். ஆகவே மலேரியா என்ற தலைப்பின் கீழ்ப் பதிவான இறப்புகளைக் கூட்டினால் உண்மைத் தொகை கிட்டாது. வழக்கமான ஆண்டுகளில் அதே மாதங்களில் நிகழும் இறப்புகளுக்கு மேலாக எத்தனை பேர் இறந்தனர் என்று பார்ப்பதே தக்க வழியாயிற்று. குருநாகலுக்கும் கேகாலைக்கும் அது பொருத்தமான அளவுகோல்தான். ஆனால், வழக்கமான ஆண்டே காய்ச்சல் ஆண்டாக இருக்கும் இடத்தில் அக்கோல் எதனை அளக்கும்? மதுரங்குளி அடங்கிய வறண்ட வலயத்தில் குழந்தைப் பருவத்திலேயே மீண்டும் மீண்டும் நோயுற்று, பிழைத்தவர்கள் ஓரளவு எதிர்ப்பாற்றல் பெற்றிருந்தனர். பிழைக்காதவர்கள் ஏற்கெனவே 'வழக்கமான இறப்பு' என்னும் அடித்தொகையினுள் அடங்கிவிட்டனர். மிகை இறப்பைக் கணக்கிடும் முறை அவர்களைக் கழித்த பின்னரே எண்ணத் தொடங்குகிறது. கொள்ளைநோய் வரலாற்றில் வறண்ட வலயம் மங்கலாகத் தோன்றுவதற்கு ஒரு காரணம் இதுவே எனலாம்.

இக்குறையை ஓரளவு நிரப்பியது வேறொரு பதிவேடு. மலேரியா திரும்பத் திரும்பத் தாக்கும்போது மண்ணீரல் வீங்கும். பாடசாலைப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, இடப்பக்க விலாவின் கீழே விரல்களால் அழுத்திப் பார்த்து, எத்தனை பேருக்கு மண்ணீரல் தட்டுப்படுகிறது என்று குறித்துக்கொள்வர். நூற்றுக்கு எத்தனை என்பதே மண்ணீரல் வீதம். குருதிப் பூச்சும் நுணுக்குக்காட்டியும் எட்டாத ஊருக்கும் இது எட்டும். கை ஒன்றே கருவி. அன்று புத்தளமும் சிலாபமும் வேறு வேறு மாவட்டங்களாக இருந்தன. அநுராதபுரம், புத்தளம் முதலிய வறண்ட மாவட்டங்களில் இவ்வீதம் மிக உயர்ந்தும், கொழும்பு, களுத்துறை முதலிய ஈர மாவட்டங்களில் மிகத் தாழ்ந்தும் இருந்தது. இறப்புப் பதிவேடு மறைத்ததைப் பிள்ளைகளின் வயிறு காட்டிக்கொடுத்தது.

எனினும், இப்பதிவேடும் குறையற்றதன்று. அன்று காய்ச்சலில் கிடந்த பிள்ளை பாடசாலைக்கு வந்திருக்காது. தோட்டத்திலோ உப்பளத்திலோ பெற்றோருக்கு உதவியாக நின்ற பிள்ளையும் வரிசையில் இல்லை. ஐந்து வயதுக்குள் இறந்துபோன பிள்ளையை எந்த விரலும் தொட இயலாது. வரிசையில் நின்றவர்கள் ஒருவகையில் வென்றவர்களே. அவர்களிடையே காணப்பட்ட வீதமே அவ்வளவு உயர்ந்திருந்தது என்றால், நில்லாதவர்களைப் பற்றி வாசகரே எண்ணிக்கொள்ளலாம்.

பாடசாலை வரிசைகளில் குறிக்கப்பட்ட இவ்வெண்கள் பின்னர் எவரும் எதிர்பாராத வழக்கொன்றில் சாட்சிகளாயின. 1945இன் இறுதியில் வீடுகளின் உட்சுவர்களில் டி.டி.டி. தெளிக்கும் பணி தொடங்கி, விரைவில் நாடெங்கும் விரிந்தது. 1946இல் ஆயிரம் பேருக்கு 20 என்றிருந்த இறப்பு வீதம் 1947இல் 14 ஆயிற்று. இவ்வீழ்ச்சிக்கு மருந்துத் தெளிப்பே காரணம் என்று பலர் கொண்டனர். உலகெங்கும் இலங்கை உதாரணமாகக் காட்டப்பட்டது. எஸ். ஏ. மீகம இதனை ஐயுற்றார். போர் முடிந்தபின் உணவு நிலைமை சீரடைந்ததும் மருத்துவ வசதிகள் பெருகியதும் கருதப்பட வேண்டும் என்பது அவர் வாதம். மலேரியா அரிதாக இருந்த மாவட்டங்களிலும் இறப்பு வீழ்ந்தது என்பது அவ்வாதத்திற்கு வலுவூட்டியது. பீட்டர் நியூமன் 1965இல் வெளியிட்ட ஆய்விலும், கிரே என்பார் 1974இல் எழுதிய கட்டுரையிலும் மண்ணீரல் வீதத்தைக் கொண்டே மாவட்டங்கள் ஒப்பிடப்பட்டன. வீழ்ச்சியில் பாதிக்குச் சற்றுக் குறைவான பங்கு மலேரியா ஒழிப்புக்கு உரியது என்பது நியூமன் பெற்ற விடை. ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே என்பது கிரே பெற்ற விடை. ஒரே பதிவேட்டைப் பயன்படுத்திய இருவர் இத்துணை விலகி நின்றமை வியப்பிற்குரியதன்று. வீதம் நோயின் தீவிரத்தைக் கூறும். எத்தனை பேர் அதனால் இறந்தனர் என்பதை ஆய்வாளர் கணித்தே பெற வேண்டும். நடுநிலையான முடிவு இரண்டுக்கும் இடையில் எங்கோ இருக்கலாம். ஆனால் அந்த மாவட்ட ஒப்பீட்டில் புத்தளம் போன்ற வறண்ட மாவட்டங்கள் இன்றியமையாதனவாயின. கொள்ளைநோயின் கதையில் இடம்பெறாத நிலம் அறிஞர்களின் விவாதத்தில் நடுவிடம் பெற்றது.

எண்கள் மறைப்பதைப் போலவே மயக்கவும் வல்லவை. 1963இல் நாடு முழுவதிலும் கண்டறியப்பட்ட மலேரியா நோயாளர் 17 பேர் மட்டுமே. அவர்களிலும் பலர் வெளிநாட்டில் நோயுற்று வந்தவர்கள். வெற்றி உறுதியாயிற்று என்று கருதித் தெளிப்பு நிறுத்தப்பட்டது. குருதி மாதிரிகள் சேகரிக்கும் விழிப்பும் தளர்ந்தது. அப்பால் நிகழ்ந்ததை நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. மழை குன்றிய ஆண்டுகள் வந்தன. எலஹெரப் பகுதியின் இரத்தினக்கல் குழிகளுக்கும் சேனைகளுக்கும் ஆட்கள் போய்வந்தனர். 1969இல் நோயாளர் தொகை ஐந்து லட்சத்தைத் தாண்டியது. நுளம்பு டி.டி.டி.க்கு இணங்க மறுத்தமையால் 1970களின் பிற்பகுதியில் மலத்தியோனுக்கு மாற நேர்ந்தது. இங்கு ஒன்று கூறியாக வேண்டும்: 17 என்பது தேடியவர்களுக்குக் கிடைத்த எண். தேடுதல் குறைந்த பின்னரும் அதே எண்ணை நம்பியிருந்ததே பிழை.

இப்பாடம் பின்னர் நடைமுறையில் இடம்பெற்றது. இறுதிக் கட்டத்தில் மாவட்டத் தொகைகளை விடுத்து, நோயாளர் ஒவ்வொருவரும் தனித்தனியே விசாரிக்கப்பட்டனர்: எங்கு உறங்கினார், எந்நாட்டுக்குச் சென்றார், அண்டை வீட்டாருக்குக் காய்ச்சல் உண்டா என்பன ஏட்டில் ஏறின. உள்நாட்டில் தொற்றிய இறுதி நோயாளர் 2012 அக்டோபரில் பதிவானார். உலக சுகாதார நிறுவனம் 2016 செப்டெம்பரில் இலங்கையை மலேரியா அற்ற நாடென அறிவித்தது. தொடர்ந்து, இரத்தினக்கல் வணிகத்துக்காக ஆபிரிக்கா சென்று மீள்வோரும் அமைதிப்படையில் பணிபுரிந்து திரும்புவோருமே விசாரணைக்கு உரியவராயினர்.

அதே 2016இன் இறுதியில், மதுரங்குளிக்கு வடக்கே இதே மேற்குக் கரையோரத்தில் உள்ள மன்னாரில், அனோபிலிஸ் ஸ்டெபன்சி என்னும் நுளம்பு முதன்முறையாகக் கண்டறியப்பட்டது. இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் இனம் இது. பழைய நுளம்பைப் போல் ஆற்றுப்படுகைக் குட்டையை நாடி இது அலைவதில்லை. கிணறும் நீர்த்தொட்டியும் இதற்குப் போதும். மழையை எதிர்பாராது கிணற்றையே நம்பி வாழும் இக்கரையோரத்தில் அவ்விரண்டும் இல்லாத வளவு அரிது. அதன்பின் நுளம்பு ஆய்வாளர்கள் கயிறும் வலையுமாகக் கிணறு கிணறாக இறங்கிக் குடம்பிகளை எண்ணத் தொடங்கினர்.