துளித்துளியாய்ப் போன குருதி

மனித உடலிலே எவ்வளவு குருதி ஓடுகிறது? வளர்ந்தவரின் எடையில் ஏறத்தாழப் பதின்மூன்றில் ஒரு பங்கு என்பது மருத்துவர் கணக்கு. 45 கிலோ எடையுள்ள, கொழுந்து பறிக்கும் பெண்ணொருத்திக்கு அது சுமார் 3 லிட்டர். இதில் ஏழில் ஒரு பங்கு ஒரேயடியாகப் போனாலும் உடல் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். ஐந்தில் இரண்டு பங்கு போயிற்றாயின் உயிருக்கே ஆபத்து. குருதி தானம் செய்பவரிடம் சுமார் 450 மில்லிலிட்டர் மட்டுமே எடுப்பதற்குக் காரணம் இதுதான்.

ஆனால் நேயர்களே, பதுளை, பசறை, அப்புத்தளைப் பக்கத்து மலைச்சரிவுகளிலே தேயிலையோடு வாழ்ந்த நம் மக்களின் குருதி கத்தியாலும் காயத்தாலும் மட்டும் போகவில்லை. அதைக் குடித்தது கொக்கிப் புழு. அது வெறுங்கால் வழியே உடலுட் புகுகிறது என்பதை 1898ஆம் ஆண்டிலே எகிப்தில் லூஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் தம் கையில் தற்செயலாகச் சிந்திய நீரிலிருந்து உணர்ந்தார். மலசலகூடமற்ற லயங்களும், நிழலும் ஈரமும் நிறைந்த தேயிலைப் பாத்திகளும், செருப்பறியாத பாதங்களும் அப்புழுவுக்கு வேறென்ன வேண்டும்?

நூறு புழுக்கள் நாளொன்றுக்கு உறிஞ்சுவது சுமார் 3 மில்லிலிட்டர். ஒரு தேக்கரண்டிகூட நிறையாது. ஆயினும் ஓராண்டில் அது ஒரு லிட்டரைத் தாண்டிவிடும். ஒருமுறை இழந்த குருதியின் நீரை உடல் ஓரிரு நாளில் ஈடுசெய்யும். செவ்வணுக்களைச் சில வாரங்களில் ஆக்கிக்கொள்ளும். இரும்புச் சத்தையோ அவ்வாறு எளிதில் மீட்க இயலாது. 3 மில்லிலிட்டர் குருதியுடன் ஏறத்தாழ ஒன்றரை மில்லிகிராம் இரும்பு போகிறது. உணவிலிருந்து உடல் நாள்தோறும் ஏற்பதும் ஏறக்குறைய அவ்வளவே. வயிறு வாடிய கூலிக் குடும்பத்துக்கு அதுவும் கிட்டுமா? மாதவிலக்கும் மகப்பேறும் பெண்களின் கணக்கில் மேலும் கழிவன. விளைவு சோகை. முகம் வெளிறும், படியேறினால் மூச்சு வாங்கும். 1902இல் அமெரிக்கப் பத்திரிகையொன்று இப்புழுவைச் "சோம்பற் கிருமி" என்றே அழைத்தது. நோயாளியைச் சோம்பேறி என்பது எவ்வளவு எளிது!

1916இலே ராக்பெல்லர் நிறுவனத்தார் மாத்தளைத் தோட்டங்களில் கொக்கிப் புழு ஒழிப்பைத் தொடங்கினர். பின்னர் அப்பணி மலைநாட்டின் பிற பகுதிகளுக்கும் விரிந்தது. தொழிலாளருக்குக் கீனோபோடியம் எண்ணெயும் பேதியுப்பும் கொடுக்கப்பட்டன. புழுக்கள் வெளியேறின. ஆனால் மலசலகூடம் கட்டப் பணம் செலவிடத் தோட்டத்துரைமார் பலர் தயங்கினர். அதே மண்ணை மிதித்தவர்களுக்கு அதே புழு திரும்பவும் வந்தது.

1979இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வெளியாயிற்று. இலங்கைத் தேயிலைத் தோட்டமொன்றிலே சோகையுற்ற பெண்களுக்கு இரும்புச் சத்து கொடுத்துப் பார்த்தனர். அவர்கள் முன்னிலும் அதிகமாய்க் கொழுந்து பறித்தனர். கூடை எடை குறைந்ததென்று அரைப்பேர் போடப்பட்ட எத்தனை பெண்கள் உண்மையில் குருதி குறைந்தவர்களாய் இருந்தார்களோ! அந்த ஆய்வு வெளிவந்தபோது, மாத்தளையிலே முதல் மருந்து கொடுக்கப்பட்டு 63 ஆண்டுகள் ஆகியிருந்தன.