புல்லுக்கு ஏலம், புல்வெட்டிக்கு ஏலம்

புல்லை அறுத்துக்கொள்ள வருகிறவர் நிலத்துக்காரருக்குப் பணம் கட்டுவது ஒரு வழக்கம். நிலத்துக்காரரே கூலி கொடுத்து வெட்டி எறியச் சொல்வது இன்னொரு வழக்கம். காரைக்காலிலிருந்து தரங்கம்பாடி போகும் வழியில், காவிரிக் கடைமடையின் கடலோரத்தில் இருக்கும் திருவேட்டக்குடி போன்ற ஊர்களுக்கு நெடுங்காலம் பழகியிருந்தது முதலாவதுதான். வரப்புப் புல் மாட்டுக்கு, வாய்க்கால் கரைப் புல் ஆட்டுக்கு. பொது நிலத்தில் எது விளைந்தாலும் அதற்கு ஒரு ஏலமோ குத்தகையோ உண்டு: குளத்து மீன், கோயில் தோப்புத் தேங்காய், சாலையோரப் புளி, ரயில்வே நிலத்துப் புல். இந்தக் கணக்கில் புல் வரவுப் பத்தியில் நிற்கிறது. புல்தரையை அழகுக்கும் ஆட்டத்துக்கும் வளர்க்கிற சமூகத்தில் அதே புல் செலவுப் பத்திக்குப் போய்விடுகிறது. அங்கேதான் புல்வெட்டி இயந்திரம் பிறந்தது. பழைய இயந்திரத்தைப் போட்டி போட்டு ஏலம் எடுக்கும் சந்தையும் அங்கேயே வளர்ந்தது. நம் பக்கம் அந்த இயந்திரம் அரசாங்கச் சொத்தாக வந்து, கழிவுப் பொருளாக ஏலம் போய், காயலான் கடையில் முடிகிறது. அதற்குக் காரணம் இயந்திரத்தின் வயது என்று சொல்லிவிடுகிறார்கள். நாம் ஏலம் விடுகிற முறைதான் காரணம் என்பது என் கட்சி.

முதலில் புல்லைப் பார்ப்போம். உலகெங்கும் வெப்பநாட்டு கிரிக்கெட் மைதானங்களிலும் கோல்ஃப் தரைகளிலும் விரிந்திருப்பது பெர்முடா புல். தாவரவியலில் அதன் பெயர் சைனோடான் டாக்டிலான். பிள்ளையாருக்கு மாலை கட்டுகிறோமே, அந்த அருகம்புல்தான். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் டிஃப்டன் ஆய்வு நிலையத்தில் கிளென் பர்ட்டன் இதன் கலப்பினங்களை உருவாக்கினார். 1956இல் வந்த டிஃப்கிரீன், 1960இல் வந்த டிஃப்வே, 1965இல் வந்த டிஃப்ட்வார்ஃப் ஆகியவை கோல்ஃப் உலகத்தையே மாற்றின. நம் உழவருக்கோ அருகு வயலில் இறங்கினால் களை, வரப்பில் இருந்தால் தீவனம். சென்னை மாகாணத்து வெள்ளைக்காரர்கள் குதிரை வைத்திருந்த காலத்தில் ஒவ்வொரு குதிரைக்கும் ஒரு குதிரைக்காரரும் புல்லறுக்க ஓர் ஆளும் இருப்பது வழக்கம். புல்லறுக்கும் வேலை பெரும்பாலும் குதிரைக்காரரின் மனைவிக்கு. அவர் அருகை வேரோடு செதுக்கி, மண் போகத் தட்டி அலசி, கட்டாகக் கட்டிக் கொண்டுவருவார். ராணுவக் குதிரைகளுக்கென்று தனியாகப் புல் பண்ணைகளே இருந்தன. இத்தனைக்கும் தேவைப்பட்ட கருவி செதுக்கியும் அரிவாளும்தான். விற்றால் காசாகும் பொருளை இயந்திரம் வைத்துச் சீராக வெட்டிக் காற்றில் தூற்ற யாருக்கும் தோன்றியிருக்காது.

இயந்திரத்தின் கதை துணி ஆலையில் ஆரம்பிக்கிறது. இங்கிலாந்தில் ஸ்ட்ரௌட் நகருக்குப் பக்கத்திலுள்ள த்ரப் என்ற ஊரில் எட்வின் பியர்ட் பட்டிங், கம்பளித் துணியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் மயிரைச் சீவும் உருளைக் கத்தியைப் புல்லுக்குத் திருப்பி, 1830இல் காப்புரிமை பெற்றார். ஓர் உருளையில் சுருளாக வளைத்துப் பொருத்திய கத்திகள் சுழலும். கீழே அசையாத ஓர் அடிக்கத்தி இருக்கும். இரண்டுக்கும் நடுவில் மாட்டும் புல் கத்தரிக்கோலில் போல நறுக்கப்படும். இப்ஸ்விச்சின் ரான்சம்ஸ் நிறுவனம் 1832இல் இதைத் தயாரிக்க உரிமம் வாங்கியது. ஆர்ப்ரோத்தின் ஷாங்க்ஸ் 1842இல் மட்டக்குதிரை இழுக்கும் அளவுக்குப் பெரிதாக்கினார். தரையில் குளம்புத் தடம் விழாதிருக்கக் குதிரைக்குத் தோல் காலுறை மாட்டிய விசித்திரமும் அப்போது நடந்தது. ரான்சம்ஸ் 1902இல் பெட்ரோல் எஞ்சின் வைத்து விற்பனைக்கு விட்டது. பர்மிங்ஹாமின் அட்கோ 1921இல் வீட்டுத் தோட்டத்துக்கு இறங்கி வந்தது. இயந்திரத்தை விற்றதோடு நில்லாமல், ஊர் ஊராகப் பழுதுபார்க்கும் பணிமனைகளும் திறந்தது. பழைய இயந்திரம் கைமாறும் சந்தைக்கு அஸ்திவாரம் இந்தப் பணிமனைகள்தாம் என்பது என் எண்ணம். பழுதுபார்க்க ஆள் இல்லாத ஊரில் பழைய இயந்திரத்துக்கு ஏது விலை?

இந்த வகை இயந்திரத்தில் தேய்வது முக்கியமாக உருளைக் கத்தியும் அடிக்கத்தியும். தேய்ந்தால் சாணை பிடிக்கலாம். உருளையை எதிர்ப்பக்கம் சுழலவிட்டு, அரைப்புப் பசை தடவி விளிம்பைக் கூராக்குவது ஒரு முறை; கழற்றிக் கிரைண்டிங் இயந்திரத்தில் ஏற்றுவது இன்னொன்று. உருளையின் விட்டம் குறைந்துகொண்டே வந்து ஓர் அளவுக்குக் கீழே போகும்வரை இயந்திரத்துக்கு உயிர் உண்டு. பரிசோதனையும் எளிது. ஒரு துண்டுக் காகிதத்தை நடுவில் கொடுத்து உருளையைக் கையால் திருப்பினால், அகலம் முழுக்கச் சுத்தமாக நறுக்க வேண்டும். எங்காவது மடங்கினால் அந்த இடத்தில் கோளாறு. தாங்கியில் ஆட்டம் இருக்கிறதா, சட்டம் கோணியிருக்கிறதா என்பதெல்லாம் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். இருபது வருடம் ஓடிய இயந்திரம் நல்லதாக இருக்கலாம், இரண்டு வருடம் ஓடியது பாழாகியிருக்கலாம். தொட்டுப் பார்த்தவருக்கு மட்டுமே தெரியும். பழைய இயந்திரச் சந்தைக்கு வரத்தும் வேண்டும். அமெரிக்காவில் கோல்ஃப் மைதானங்கள் பெரும்பாலும் சில ஆண்டுக் குத்தகைக்கு இயந்திரம் எடுக்கின்றன. கெடு முடிந்ததும் அந்த இயந்திரங்கள் மொத்தமாக ஏலத்துக்கு வருகின்றன. 2006க்குப் பிறகு அங்கே புதிதாகத் திறக்கும் கோல்ஃப் மைதானங்களைவிட மூடப்படுபவை அதிகம் என்பதால் வரத்து இன்னும் கூடியது. பணக்கார மைதானம் கழித்ததைப் பள்ளிக்கூடமும் சிறு நகரக் கிளப்பும் வாங்கிக்கொள்கின்றன.

நம் நாட்டுக்குப் புல்வெட்டி கிளப்புகளோடு வந்தது. கல்கத்தா கோல்ஃப் கிளப் 1829, சென்னை கிரிக்கெட் கிளப் 1846, சென்னை ஜிம்கானா 1884, கொடைக்கானல் கோல்ஃப் கிளப் 1895. இயந்திரத்தை இழுக்க, குதிரையின் இடத்தில் பல மைதானங்களில் காளை நின்றது. 1934 பிப்ரவரியில் சேப்பாக்கத்தில் முதல் டெஸ்ட் நடந்தபோது, சீராக வெட்டிய புல்தரை இந்த மாகாணத்தின் கண்ணுக்கு ஓரளவு பழகியிருக்கும். காரைக்கால் வேறு பாதையில் போனது. 1739 முதல் 1954 வரை அது பெரும்பாலும் பிரெஞ்சுக்காரர் கையில்; கிரிக்கெட் ஆட வேண்டிய நிர்ப்பந்தம் யாருக்கும் இல்லை. பிரெஞ்சுத் தொடர்பு புதுச்சேரிக்குக் கொடுத்துவிட்டுப் போன பெத்தாங்க் ஆட்டத்துக்கோ புல்லே ஆகாது. இரும்புக் குண்டு உருள வெறும் மண்தரை வேண்டும். ஆட்சி மாறி அறுபத்து நான்கு ஆண்டு கழித்து, 2018இல், புதுச்சேரி கிரிக்கெட் சங்கம் இந்திய வாரியத்தில் உறுப்பாகி ரஞ்சிக் கோப்பையில் இறங்கியது. 2010இல் தொடங்கிய புதுச்சேரி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தின் வளாகம் திருவேட்டக்குடியில் அமைந்தது. மாசி மகத்தன்று சிவன் வேடமூர்த்தியாகக் கடலாடும் ஊரில் இப்போது பராமரிக்க வேண்டிய மைதானமும் வளாகமும் வந்துவிட்டன. இரண்டு தலைமுறைக்கு முன் ஆடு பார்த்துக்கொண்ட வேலைக்கு இன்று டெண்டர் தேவை.

அந்தக் கழகம் போல மத்திய அரசின் கீழ் இயங்கும் நிறுவனங்கள் பழைய பொருளைக் கழிக்கும் முறையைப் பொது நிதி விதிகள் 2017 சொல்கின்றன. ஒரு பொருள் பயன்படாது என்று காரணம் எழுதி அறிவிக்க வேண்டும். கணக்குப் புத்தக மதிப்பு, வழிகாட்டி விலை, குறைந்தபட்ச விலை மூன்றையும் வகுக்க வேண்டும். மதிப்பு 2 லட்சம் ரூபாய்க்கு மேலானால் விளம்பர டெண்டர் அல்லது பொது ஏலம். ஏலம் கேட்டு ஜெயித்தவர் அந்த இடத்திலேயே குறைந்தது 25 சதவீதம் கட்ட வேண்டும். ஊழலைத் தடுக்க எழுதிய விதிகள் இவை. அந்த வேலையைப் பெருமளவு செய்கின்றன, குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் விதி காப்பாற்றுவது கணக்குப் புத்தகத்தை. நடைமுறையில் என்ன ஆகிறது? மேசை நாற்காலி, பழைய மின்விசிறி, குளிர்சாதனப் பெட்டி, புல்வெட்டி எல்லாம் ஒரே குவியலாக, ஒரே லாட்டாக ஏலத்துக்கு வருகின்றன. அறிவிப்பில் ‘பழுதடைந்த இயந்திரம்’ என்ற இரண்டு சொல்லுக்கு மேல் இருப்பது அபூர்வம். என்ன மாடல், எத்தனை அங்குலம், உருளையில் எவ்வளவு மிச்சம் என்று தெரியாதபோது மைதானக்காரர் வரமாட்டார். மொத்தக் குவியலையும் இரும்பு விலைக்குக் கணக்குப் போடத் தெரிந்தவர் வருவார். சாணை பிடித்தால் பத்து வருடம் ஓடக்கூடியது கிலோவில் போய்விடுகிறது.

இந்த நஷ்டத்துக்கு விளக்கம் பொருளியலில் உண்டு. ஜார்ஜ் அகர்லாஃப் 1970இல் பழைய கார் சந்தையை வைத்து எழுதிய கட்டுரை, அவருக்கு 2001இல் நோபல் பரிசில் பங்கு வாங்கித் தந்தது. விற்கிறவருக்குப் பொருளின் குணம் தெரியும், வாங்குகிறவருக்குத் தெரியாது என்றால், வாங்குகிறவர் எல்லாவற்றையும் மட்டமான பொருளாகவே மதிப்பார். நல்ல பொருளுக்கும் மட்டமான விலைதான் கிடைக்கும் என்பது அதன் சாரம். நம் கழிவு ஏலத்தில் நிலைமை இன்னும் மோசம்: விற்கிற அதிகாரிக்கும் குணம் தெரியாது. இதை உணர அமெரிக்கப் பேராசிரியர் வரை போக வேண்டியதுகூட இல்லை. காரைக்கால் கடற்கரையின் மீன் ஏலத்தைப் பார்த்தால் போதும். கரையேறிய மீன் கண் முன்னால் கிடக்கிறது. செவுளைத் தூக்கிப் பார்க்கலாம், கண்ணின் தெளிவைப் பார்க்கலாம். வஞ்சிரத்தையும் சூரையையும் ஒரே குவியலாக்கி யாரும் ஏலம் கூறுவதில்லை. கூறுகிறவருக்கும் மீன் தெரியும், கேட்கிறவருக்கும் தெரியும். அதனால்தான் சில நிமிடங்களில் விலை படிகிறது. ஏலம் இந்த மண்ணுக்குப் புதிது என்று யாரும் சொல்ல முடியாது. மீன், சாராயக்கடை, கள்ளுக்கடை, ஏலச்சீட்டு என்று காரைக்கால்காரர் ஏலத்தோடு வளர்ந்தவர். அந்த அறிவு அரசு வளாகத்தின் கேட்டைத் தாண்டி உள்ளே போகவில்லை, அவ்வளவுதான்.

இதற்கு மறுப்புகள் உண்டு. காவிரித் தண்ணீர் கடைமடைக்கு வந்து சேருவதே போராட்டமாக இருக்கும்போது புல்தரைக்கு என்ன வக்காலத்து என்று கேட்பவர் கேட்பது நியாயம். நான் புல்தரைக்கு வாதாடவில்லை. இருக்கிற மைதானத்துக்கு ஏற்கெனவே மக்கள் பணத்தில் வாங்கிய இயந்திரத்தைப் பற்றித்தான் பேசுகிறேன். தோளில் மாட்டும் பிரஷ் கட்டர் போதாதா என்பது அடுத்த கேள்வி. வளாகத்து ஓரங்களுக்குப் போதும். அங்கே உருளை இயந்திரம் வீண் செலவு. கிரிக்கெட் பிட்ச்சில் புல்லைச் சில மில்லிமீட்டர் உயரத்துக்குச் சமமாக வெட்ட வேண்டும். பிரஷ் கட்டரின் நைலான் நரம்பு புல்லை அடித்துக் கிழிக்கும், அந்த வேலைக்கு உதவாது. உதிரிபாகம் கிடைக்காத ஊரில் காயலான் கடைதானே முடிவு என்பது கொஞ்சம் கனமான மறுப்பு. எஞ்சின் பாகம், ஹைட்ராலிக் பாகம் கிடைப்பது கடினம்தான். ஆனால் பெல்ட்டும் சங்கிலியும் ஓட்டும் சாதாரண இயந்திரத்துக்கு வேண்டியது தாங்கி, அடிக்கத்தி, அரைப்புப் பசை. விசைப்படகு எஞ்சினைப் பிரித்துக் கோக்கும் லேத் பட்டறைகள் உள்ள கடற்கரை இது. வால்வுக்கு அரைப்புப் பசை தடவுகிற கைக்கு உருளைக் கத்தி பெரிய புதிர் ஆகாது.

கடைசி மறுப்புதான் எனக்குச் சங்கடமானது. பொருளைப் பார்க்க எல்லோரையும் ஒரே நாளில் அழைத்தால், கேட்பவர்கள் அங்கேயே கூடிப் பேசிச் சிண்டிகேட் போட்டுவிடுவார்கள். சாராய ஏலமும் மணல் ஏலமும் பார்த்த நாட்டில் இதை வெறும் பயம் என்று தள்ள முடியாது. இதற்கு மாற்றாகத்தான் எம்.எஸ்.டி.சி. போன்ற பொதுத்துறை நிறுவனத்தின் மின்னேலம் வந்தது. முகம் தெரியாமல் கேட்பதால் கூட்டு குறையும். அதே சமயம், நேரில் பார்க்காமல் படத்தை நம்பிக் கேட்பவர் மறுபடி இரும்பு விலைக்கே கேட்பார். ஏலம் கேட்பது கணினியில் இருக்கட்டும். பார்வையிடுவது பல நாளில், தனித்தனி நேரத்தில் நடக்கட்டும். இரண்டையும் சேர்த்துச் செய்ய இன்றைய விதிகளில் எந்தத் தடையும் இல்லை.

ஆகவே ஏல அறிவிப்பு எழுதுகிற அலுவலர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை புல்வெட்டியை நாற்காலிக் குவியலில் சேர்க்காதீர்கள். தனி லாட்டாகப் போடுங்கள். தயாரித்த ஆண்டு, மாடல், வெட்டும் அகலம், உருளையின் இப்போதைய விட்டம், எஞ்சின் ஓடுகிறதா என்பதை ஐந்து வரியில் எழுதுங்கள். அறிவிப்பின் ஒரு நகலைப் பக்கத்துப் பள்ளிகளுக்கும் கிரிக்கெட் கிளப்புகளுக்கும் அனுப்புங்கள். பார்க்க வருகிறவர் கையில் ஒரு துண்டுக் காகிதத்தோடு வந்தால், உருளையைத் திருப்பிப் பார்க்க விடுங்கள்.