பித்தப்பை ஆபரேஷன்: "ஆறு வாரம் கழிச்சு வாங்க" எங்கிருந்து வந்தது?



வலது பக்க விலாவுக்குக் கீழே தாங்க முடியாத வலி. கூடவே காய்ச்சல், வாந்தி. ஸ்கேன் எடுத்தால் பித்தப்பையில் கல், பித்தப்பைச் சுவர் தடித்து வீங்கியிருக்கு. ரிப்போர்ட்டில் "அக்யூட் கோலிசிஸ்டைடிஸ்" என்று இருக்கும். அட்மிஷன் போட்டு ட்ரிப்ஸ், ஆன்டிபயாடிக் ஊசி. நாலஞ்சு நாளில் வலி அடங்கிடும். டிஸ்சார்ஜ் ஆகும்போது சொல்வார்கள்: "இப்ப உள்ளே புண்ணா இருக்கு. ஆறு வாரம் கழிச்சு வாங்க, லேப்ராஸ்கோப்பில் எடுத்துடலாம்."

உங்க வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ யாருக்காவது இது நடந்திருக்கும். "கல்லு இருக்குன்னு தெரிஞ்சுடுச்சு, வலியும் வந்துடுச்சு, அப்புறம் எதுக்கு சார் வீட்டுக்கு அனுப்பறாங்க?" என்று கூட வந்தவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அந்த ஆறு வாரத்துக்குப் பின்னால் 140 வருஷக் கதை ஒன்று இருக்கு. நான் சர்ஜன் இல்லை. இந்த நோயாளிகளை எமர்ஜென்சியில் முதலில் பார்த்து சர்ஜனுக்கு அனுப்புகிற இடத்தில் இருக்கும் எம்பிபிஎஸ் மருத்துவன். அந்த இடத்திலிருந்து சொல்றேன்.

முதலில் உள்ளே என்ன நடக்குதுன்னு பார்த்துடுவோம். பித்தப்பை என்பது கல்லீரலுக்கு அடியில் தொங்கும் சின்னப் பை. அதன் கழுத்தில் ஒரு கல் போய் அடைத்துக்கொண்டால் பித்தநீர் வெளியே வர வழியில்லை. பை உப்பும். முதல் சில நாட்கள் பெரும்பாலும் நீர் கோத்த வீக்கம்தான். பிறகு சுவரில் அங்கங்கே திசு செத்துப்போக ஆரம்பிக்கும், சீழ் பிடிக்கும். ஒரு வாரம் பத்து நாள் தாண்டினால், ஆறுகிற புண் சுற்றியிருக்கும் குடலையும் கொழுப்பையும் இழுத்துத் தன்னோடு ஒட்டிக்கொள்ளும். முதல் நாட்களில் அந்த நீர் வீக்கமே அடுக்குகளைப் பிரித்து வைத்திருக்கும், ஆரஞ்சுத் தோல் மாதிரி உரிஞ்சு வரும். பத்து நாள் கழிச்சு அதே இடம் சிமெண்ட் பூசின மாதிரி ஆகிடும். இதை மட்டும் மனசில் வைச்சுக்கோங்க.

இப்போ 1882. பெர்லினில் கார்ல் லாங்கன்பூக் என்ற இளம் சர்ஜன். அதுவரை பித்தப்பையைத் திறந்து கல்லை மட்டும் எடுப்பார்கள். அமெரிக்காவில் ஜான் பாப்ஸ் 1867-லேயே அதைச் செய்துவிட்டார். பை இருக்கும்வரை மறுபடி கல் வரும் என்பதால், பையையே எடுத்துடணும் என்றார் லாங்கன்பூக். பிணங்களில் பழகிப் பார்த்துவிட்டு, ஜூலை 15-ஆம் தேதி 43 வயது ஆண் ஒருவருக்குச் செய்தார். மறுநாளே அந்த மனுஷன் உட்கார்ந்து சுருட்டு பிடித்தாராம்! (நீங்க யாரும் இதைப் பின்பற்ற வேண்டாம்.)

அது ஆன்டிபயாடிக் இல்லாத காலம். ரத்தம் ஏற்றும் வசதி கிடையாது. சீழ் பிடித்த வயிற்றைத் திறந்தால் ஆள் பிழைப்பது சந்தேகம். அதனால் கொதிக்கிற பித்தப்பையைத் தொடாதே, ஆற விட்டு அப்புறம் எடு என்பது அன்றைக்குப் புத்திசாலித்தனமான முடிவு. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பென்சிலின் வந்தது, மயக்க மருந்து முன்னேறியது, ரத்த வங்கி வந்தது. காரணமெல்லாம் போன பிறகும் பழக்கம் மட்டும் போகவில்லை.

1970-ல் ஸ்வீடனில் வான் டெர் லிண்டன், சன்செல் இருவரும் ஒரு நல்ல வேலை செய்தார்கள். ஆளுக்கொரு அபிப்பிராயம் பேசாமல், நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு உடனே ஆபரேஷன், இன்னொன்றுக்கு ஆற விட்டு ஆபரேஷன் என்று ஒப்பிட்டுப் பார்த்தார்கள். உடனே செய்ததால் ஆபத்து கூடவில்லை, மருத்துவமனையில் படுத்திருந்த நாட்கள்தான் குறைந்தன. 1980-ல் ஃபின்லாந்து ஆய்வும் இதையே சொன்னது. காத்திருக்கச் சொன்னவர்களில் கொஞ்சம் பேருக்குக் காத்திருக்கவே முடியவில்லை என்பதும் இந்த ஆய்வுகளில் தெரிந்தது. குறித்த தேதிக்கு முன்பே வலியோடு திரும்பி வந்தார்கள். வயிற்றைக் கிழித்துச் செய்யும் பழைய ஆபரேஷனைப் பொறுத்தவரை 80-களின் தொடக்கத்திலேயே கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது.

அப்படின்னா ஆறு வாரம் எப்படி மறுபடி உயிரோடு வந்தது? இங்கதான் கதையில் லேப்ராஸ்கோப் நுழையுது.

1985 செப்டம்பர் 12. ஜெர்மனியின் போப்லிங்கன் என்ற சின்ன ஊர். எரிக் மூஹே என்ற சர்ஜன் குழாய் வழியாகப் பித்தப்பையை எடுத்தார். அடுத்த வருஷம் மாநாட்டில் சொன்னபோது கைதட்டல் வரவில்லை, "மிக்கி மவுஸ் சர்ஜரி" என்று கேலிதான் வந்தது. 1987-ல் பிரான்சின் லியான் நகரில் ஃபிலிப் மூரே செய்தார், பிறகு பாரிஸ், பிறகு அமெரிக்கா. கேலி செய்த அதே ஜெர்மன் சர்ஜன்கள் சங்கம் 1992-ல் மூஹேவைக் கூப்பிட்டு கௌரவித்தது. இந்தியாவில் 1990-ல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் டாக்டர் டெஹம்டன் உத்வாடியா முதல் ஆபரேஷனைச் செய்தார். ஆம், அது அரசு மருத்துவமனைதான். வயிற்றுக்குள் குழாய் விட்டு நோயைக் கண்டுபிடிக்கும் வேலையை அவர் 1972-லிருந்தே செய்துகொண்டிருந்தார்.

புதுக் கருவி பரவிய வேகத்தில் ஒரு விபரீதமும் சேர்ந்து வந்தது. பித்தப்பைக்குப் பக்கத்திலேயே முக்கியமான பித்தக்குழாய் ஓடுகிறது. சுமார் அரை சென்டிமீட்டர் அகலம். அதைத் தவறி வெட்டிவிட்டால் நோயாளிக்கு வருஷக்கணக்கில் அவதி, உயிருக்கே ஆபத்து. 90-களின் ஆரம்பத்தில் இந்தக் காயங்கள் கூடின. வீங்கிப்போன பித்தப்பையில் எது எந்தக் குழாய் என்று தெரிவது இன்னும் கஷ்டம். அதனால் அக்யூட் கோலிசிஸ்டைடிஸ் என்றால் லேப்ராஸ்கோப்பைத் தொடாதே, ஆறட்டும் என்ற எச்சரிக்கை வந்தது. லாங்கன்பூக் காலத்துப் பயம் புதுச் சட்டை போட்டுத் திரும்பியது. கருவி புதுசு, பழக்கம் போதாது என்பதால் அந்தப் பயமும் நியாயமானதுதான்.

1995-ல் அமெரிக்காவின் ஸ்டீவன் ஸ்ட்ராஸ்பர்க் ஒரு விதி சொன்னார். அந்த முக்கோண இடத்தை முழுசா சுத்தம் பண்ணு. பித்தப்பையின் அடிப்பகுதியைக் கல்லீரலிலிருந்து பிரி. பித்தப்பைக்குள் இரண்டே இரண்டு குழாய்கள்தான் போகின்றன என்று கண்ணால் பார்த்த பிறகே கிளிப் போடு. கேட்க சாதாரணமா இருக்கும். இன்று உலகம் முழுக்க சர்ஜன்கள் படிப்பது இதைத்தான்.

1998-ல் ஹாங்காங்கில் இரண்டு குழுக்கள் தனித்தனியாக, சுமார் நூறு நூறு நோயாளிகளை வைத்து, உடனடி லேப்ராஸ்கோப்பியையும் தாமதத்தையும் ஒப்பிட்டன. 2004-ல் டெல்லி எய்ம்ஸ் 40 பேரை வைத்துச் செய்தது. எல்லாம் ஒரே திசையைத்தான் காட்டின: அனுபவமுள்ள கையில் உடனே செய்வது பாதுகாப்பானது. ஆனாலும் ஆய்வுகள் சின்னது என்று தயங்கியவர்கள் தயங்கினார்கள்.

தயக்கத்தை உடைத்தது 2013-ல் ஜெர்மனியில் இருந்து வந்த ஏசிடிசி ஆய்வு. 618 நோயாளிகள். ஒரு பிரிவுக்கு அட்மிஷன் ஆன 24 மணி நேரத்துக்குள் ஆபரேஷன். இன்னொரு பிரிவுக்கு ஆன்டிபயாடிக் கொடுத்து, 7-ஆம் நாளிலிருந்து 45-ஆம் நாளுக்குள் ஆபரேஷன். 75 நாட்கள் வரை கண்காணித்தார்கள். உடனே செய்தவர்களில் 11.8 சதவீதம் பேருக்குப் பிரச்சினைகள். காத்திருந்தவர்களில் 34.4 சதவீதம். மருத்துவமனையில் இருந்த நாட்கள் சராசரியாக 5.4, காத்திருந்தவர்களுக்கு 10. லேப்ராஸ்கோப்பியைப் பாதியில் விட்டு வயிற்றைத் திறக்க வேண்டி வந்ததில் பெரிய வித்தியாசமே இல்லை.

அந்த மூன்று மடங்கு வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்பதுதான் எனக்கு இந்த மொத்தக் கதையிலும் முக்கியமாகப் படுகிறது. இவர்கள் ஆபரேஷன் டேபிளில் நடந்ததை மட்டும் எண்ணவில்லை. நோயாளி மருத்துவமனைக்கு வந்த நாளிலிருந்து எண்ணினார்கள். காத்திருக்கும்போது மறுபடி வலி வரும். கல் நழுவிப் பித்தக்குழாயில் விழுந்து மஞ்சள் காமாலை ஆகும். கணையம் வீங்கும். இதெல்லாம் வீட்டில் நடப்பது. சர்ஜனின் பதிவேட்டில் ஏறாது. ராத்திரி ரெண்டு மணிக்கு இன்னொரு டாக்டரின் டியூட்டியில் வந்து சேரும். காத்திருப்பதற்கும் ஒரு விலை உண்டு, அது நோயாளியின் கணக்கில் மட்டும் எழுதப்பட்டுக்கொண்டிருந்தது.

சரி, வலி வந்து 72 மணி நேரம் தாண்டிட்டா? ரொம்ப நாள் அதை லட்சுமணக் கோடு மாதிரி வைத்திருந்தோம். 2016-ல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் 72 மணி நேரம் தாண்டியவர்களை மட்டுமே எடுத்துப் பார்த்தார்கள். 86 பேர். அங்கேயும் உடனே செய்தவர்களுக்குப் பிரச்சினைகள் 14 சதவீதம், காத்திருந்தவர்களுக்கு 39. 2018-ல் வந்த டோக்கியோ வழிகாட்டுதலும் மணிக்கணக்கைப் பிடித்துத் தொங்காமல், நோயாளியின் உடல் தாங்குமா என்று பார்க்கச் சொல்லிவிட்டது. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2014-லேயே ஒரு வாரத்துக்குள் செய்யச் சொன்னது.

இதைப் படிச்சுட்டு உங்க சர்ஜனிடம் சண்டைக்குப் போயிடாதீங்க. ரத்தத்தில் தொற்று பரவி பிபி இறங்கிக் கிடப்பவருக்கும், போன வாரம் ஹார்ட் அட்டாக் வந்தவருக்கும் முதலில் உடம்பைத் தேற்ற வேண்டும். சிலருக்குப் பித்தப்பையில் டியூப் வைத்துச் சீழை வடிக்க வேண்டியிருக்கும். பத்து நாள் கைவைத்தியம் பார்த்துவிட்டு, வயிற்றில் கட்டியோடு வருபவரை ஆற விடுவதும் சரியே. பாதியில் வயிற்றைத் திறந்தாலோ, பித்தப்பையில் ஒரு பகுதியை விட்டுவிட்டு வந்தாலோ அது தோல்வி இல்லை, உங்க பித்தக்குழாயைக் காப்பாற்றிய முடிவு. தொந்தரவே தராமல், வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் தெரிந்த கல்லுக்கு இந்தத் த்ரெட்டே பொருந்தாது.

இன்னொரு உண்மையும் இருக்கு. பல அரசு மருத்துவமனைகளில் எமர்ஜென்சி தியேட்டர் ஒன்றுதான். அதில் சிசேரியன், விபத்து, குடல் ஓட்டை எல்லாம் வரிசையில் நிற்கும். லேப்ராஸ்கோப் செட், பழகிய சர்ஜன், மயக்க மருத்துவர் மூன்றும் ஒரே நாளில் அமைய வேண்டும். அது இல்லாத இடத்தில் அவசரப்பட்டுச் செய்வதைவிடத் தள்ளிப்போடுவது மேல். ஆனால் அப்போது தள்ளிப்போடுவதற்குக் காரணம் தியேட்டர் லிஸ்ட். "உள்ளே புண்ணா இருக்கு" என்று சொல்வதைவிட அதை அப்படியே சொல்லிவிடலாம் என்பது என் கருத்து. தெரிந்தால்தான் செய்ய முடிகிற இன்னொரு இடத்துக்கு அவர்கள் போக முடியும்.

அதனால், வலி எந்தத் தேதி, எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்று குறித்துவைத்துச் சொல்லுங்க. "இதே அட்மிஷனில் எடுக்க முடியுமா? முடியாதுன்னா என் உடம்பு காரணமா, இல்ல வசதி காரணமா?" என்று மரியாதையா கேளுங்க. ஏற்கெனவே தேதி வாங்கி வீட்டில் இருப்பவர்கள், கண் மஞ்சளானாலோ, நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தாலோ, வலி முதுகுப் பக்கம் ஊடுருவிப் போனாலோ அந்தத் தேதி வரை காத்திருக்காம அன்னைக்கே கிளம்பி வந்துடுங்க.